ஒல்லிக்குண்டு எழுத்தில் அக்கா பெயர்

எழுத்து வரைவது என் தொழில். இதை நாமக்கல்லில் ஒருவருக்குப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிடும். “அதான் எழுத்தெல்லாம் ஏற்கெனவே இருக்குதுங்களே அம்மிணி, நீங்க புதுசா என்னத்த வரையறீங்க?” என்பார்கள். இருக்கிற எழுத்துக்கே வேறு வேறு உடுப்பு தைக்கிற மாதிரி என்று ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். அடுத்த வாரமே சித்தி ஒருவர் பிளவுஸ் துணியும் அளவு ஜாக்கெட்டுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். அது எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிடுகிறது. உடனே அவர்கள் வீட்டுப் பிரிண்டரைப் பழுது பார்க்கக் கூப்பிடுகிறார்கள்.

வெளியூர்க் கம்பெனிகளுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே எழுத்துரு செய்து கொடுக்கிறேன். ஆனால் நான் வரைந்தவற்றில் எங்கள் ஊர் ஏற்றுக்கொண்டது ஒன்றைத்தான். அதற்கு நான் அழகாக ஒரு பெயர் வைத்திருந்தேன், அது யாருக்கும் தெரியாது. பிளக்ஸ் கடைகளில் அதை ‘ஒல்லிக்குண்டு’ என்கிறார்கள். நெட்டையாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் ஒல்லி எழுத்து, ஆனால் ஒவ்வொரு கோடும் குண்டு. திருச்செங்கோடு ரோட்டில் சற்று நேரம் நின்றால் போதும், அதில் அடிக்காத பேனரைத் தேடத்தான் வேண்டியிருக்கும்.

அதை நான் ஏன் வரைந்தேன் என்று சொல்ல, முதலில் எங்கள் பக்கத்துப் பேனர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே புத்தகம் வாங்குகிறவர்கள் குறைவு. ஆனால் பேனரை ஒரு எழுத்து விடாமல் படிப்பார்கள், தன் பெயர் எத்தனையாவதாக வந்திருக்கிறது என்று பார்க்க. காது குத்துக்குப் பேனர். போர்வெல் போடுகிற ரிக் வண்டி புதிதாக வாங்கினால் பேனர். விடுதிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை மார்க் எடுத்தால் பேனர். மார்க் எடுக்காத பிள்ளையின் அப்பா ஏதாவது சங்கத்தில் பொருளாளர் ஆனால் அதற்கும் பேனர். காது குத்துகிற குழந்தையின் படம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் ஓரத்தில் கிடக்கும், வாழ்த்துகிற பெரியவர்கள் நடுவில் பூசணிக்காய் அளவுக்குச் சிரிப்பார்கள். கீழே பெயர்கள். பெயருக்கு முன்னால் இனிஷியல், பின்னால் படிப்பு, படிப்புக்குப் பின்னால் பதவி, பதவி போயிருந்தால் ‘முன்னாள்’. எதுவுமே இல்லாதவர் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்வார். அத்தனை பேரும் ஒரே அளவில் வர வேண்டும். ஒரு நூல் குறைந்தாலும் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

இந்தக் கூட்டத்தை ஒரு பிளக்ஸில் அடக்கக் கடைக்காரர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. சாதாரணத் தடித்த எழுத்தை எடுத்து, மவுஸால் பிடித்து, இரண்டு பக்கமும் நசுக்குவது. அப்படி நசுக்கினால் நிற்கிற கோடெல்லாம் மெலிந்து போகும், படுத்திருக்கிற கோடு மட்டும் பழைய தடிமனிலேயே கிடக்கும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். கோடுகளைப் பார்த்தே சாப்பிடுகிறவள் நான். அந்தப் பேனர்களைக் கடந்து பால் வாங்கப் போவதே எனக்குத் தண்டனையாக இருந்தது.

ஆனாலும் ஒல்லிக்குண்டு பிறந்தது என் கண் வலித்ததால் இல்லை. அக்காவால்.

அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வீடு வந்து சேருவதற்கு முன்பே பேனர் வந்து சேர்ந்துவிட்டது. ராசிபுரம் ரோட்டு முக்கில் மாமாவின் படம், ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே ‘ஆழ்ந்த துயரத்தில்’ என்று போட்டு நான்கு வரிசை ஆண்பிள்ளைகளின் பெயர்கள். அதில் பாதிப் பேர் வரப்புத் தகராறில் மாமாவோடு பேசாமல் இருந்தவர்கள். ஒருவர் மாமாவின் மேல் கேஸ் போட்டிருந்தார். எல்லோரும் ஆழ்ந்த துயரத்தில் இருந்தார்கள். அக்காவின் பெயரைத்தான் காணோம்.

காரியமெல்லாம் முடிந்து அவளை ஆட்டோவில் கூட்டி வந்தபோதுதான் அவள் அந்தப் பேனரைப் பார்த்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்காமல், உட்கார்ந்தபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள்.

“அழுதவ பேரக் காணமே” என்றாள்.

எங்களுக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது, அப்பாவும் இல்லை. அதனால் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் பெரியப்பா மகன்தான் முன்னால் நிற்பார். பெரியண்ணன் என்போம். முன்னால் நிற்பார் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பின்னால் நின்று செய்ய வேண்டிய வேலை எதிலும் அவரைப் பார்த்ததில்லை. பேனர் அவர் பொறுப்பு. நான் போய்க் கேட்டேன்.

“போடக் கூடாதுன்னா அம்மிணி? எடம் பத்தலீங்கறேன். நீயே பாரு, ஒரு வெரலு வெக்க எடமிருக்குதா?” என்றார்.

நானும் நம்பினேன். இடமில்லை என்று யாராவது சொன்னால் மற்றவர்களுக்குக் கோபம் வரும், எனக்கு வேலை வரும். குறுகிய இடத்தில் நிறையப் பெயர் தெளிவாக வர வேண்டும், தூரத்திலிருந்து தெரிய வேண்டும். எழுத்துரு செய்கிறவளுக்கு இதைவிடச் சுத்தமான கேள்வி கிடைக்காது. ஒருவேளை உலகத்தில் உள்ள அநியாயத்தில் பாதி இடப் பற்றாக்குறையால்தான் நடக்கிறதோ என்றுகூட அன்றைக்கு யோசித்தேன். படித்தவள் முட்டாளாவதற்கு இப்படித் தனி வழிகள் இருக்கின்றன.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓய்ந்த நேரமெல்லாம் அதில்தான் போயிற்று. தமிழைக் குறுக்குவது லேசில்லை. ட சொன்னபடி கேட்கும், எவ்வளவு நெருக்கினாலும் ஒதுங்கி நிற்கும். ப, ம, ய எல்லாம் நல்ல பிள்ளைகள். ண அப்படி இல்லை. மூன்று சுழியும் தங்களுக்கு முழு வீடு வேண்டும் என்று அடம் பிடிக்கும். கோட்டைத் தடிக்கவைத்தால் சுழிக்குள் இருக்கிற வெள்ளை அடைபட்டுப்போகும், வெள்ளையைத் திறந்துவிட்டால் எழுத்து அகன்றுவிடும். ஞ-வோடு ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டேன். கடைசியில் சுழிகளை வட்டமாக விடாமல் நெட்டுக்கு இழுத்து, மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் என்று அடுக்கியதும் வழிக்கு வந்தது. பஸ் போர்டில் பார்க்கிற ஊர்ப் பெயர்கள்தான் என் சோதனைச் சொற்கள். ஆட்டையாம்பட்டி சீக்கிரமே தேறிவிட்டது. நாமகிரிப்பேட்டையைக் கைப்பிடி அகலத்துக்குள் கொண்டுவந்த அன்றைக்கு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அக்கா அப்போது பண்ணையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தாள். முட்டைக்கோழிப் பண்ணை, மாமா விட்டுப்போனபோது ஒரு கொட்டகை, அவள் கையில் மூன்றாகிவிட்டது. சாரல் அடிக்காமலிருக்கக் கொட்டகையின் பக்கவாட்டில் பழைய பிளக்ஸுகளை இழுத்துக் கட்டியிருப்பாள். கல்யாண மாப்பிள்ளைகள், தேர்தலில் தோற்றவர்கள், ஜெயித்தவர்கள், காது குத்தில் வாழ்த்தியவர்கள் என்று எல்லோரும் அங்கே தலைகீழாகத் தொங்குவார்கள். பெரியண்ணனே இரண்டு இடத்தில் தொங்கினார். அந்தப் பக்கத்துக் கோழிகள் முட்டை குறைவாகப் போடுகின்றன என்று அக்கா சொல்வாள்.

நான் காட்டியதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “இதுல என்ற பேர அடிச்சுக் காட்டு” என்றாள். அடித்துக் காட்டினேன். நீளமான பெயர் அவளுக்கு. திரையில் நிமிர்ந்து நின்றது.

“நல்லாருக்குது சாமி. எம்புள்ள கண்ணாலத்துல மண்டபத்து வாசல்ல இதுல என்ற பேரு இருக்கோணும். முழுப் பேரு. ரோட்டுல போற பஸ்ஸுல இருந்து பாத்தாத் தெரியோணும்” என்றாள்.

அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். பண்ணைக்குக் கடன் வாங்கியபோதும் கேட்டதில்லை, பெண்ணைக் கோயம்புத்தூரில் படிக்கவைத்தபோதும் கேட்டதில்லை.

எழுத்துருவை ஒரு பிளக்ஸ் கடைக்குக் கொடுத்தேன். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் மாவட்டம் முழுக்கப் போனது. லாரிப் பாடி கட்டுகிற பட்டறைகளில் வண்டி நெற்றிக்கு அதைப் பிடித்துக்கொண்டார்கள். விடுதிப் பள்ளிக்கூடங்கள் மாணவர்களின் பெயர்களை அதில் அடுக்கின. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, நான் போய்ப் பார்க்கும்வரை. அதில் மஞ்சள் கரை போட்டு, அதன்மேல் சிவப்புக் கரை போட்டு, அதற்குப் பின்னால் நிழல் போட்டிருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பேனரில் பெயர் ஒன்றுதான், இடம் நிறைய. கடைக்காரர் என் ஒல்லி எழுத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்து, பேனர் நிறைய விரித்துவிட்டிருந்தார். ஞ-வைச் சுருக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதை விரிக்க அவருக்கு ஒரு கை அசைவு போதுமாக இருந்தது.

“ஏனுங்க, ஒல்லி எழுத்த இழுத்து அகலமாக்குறதுக்கு, அகலமான எழுத்தையே போடலாமல்லீங்க?” என்று கேட்டேன்.

“இதுதானுங்க இப்ப ஓடுது” என்றார்.

இன்னொன்றையும் அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். இது பெரிய அளவுக்காக வரைந்தது, சின்ன அளவில் போடாதீர்கள், சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்புப் பட்டையாகிவிடும், சின்ன வரிக்கு வேறு எழுத்து வையுங்கள் என்று. “செரிங்க, செரிங்க” என்று தலையாட்டினார். எங்கள் ஊரில் இரண்டு தடவை ‘செரிங்க’ சொன்னால் காதில் விழவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அது எனக்கும் தெரியும், இருந்தும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகையில் அக்காவின் பெயர் இருந்தது, காலஞ்சென்ற மாமாவின் பெயருக்குப் பக்கத்தில். அதைத் தவிர்க்க முடியாது, பெண்ணுக்கு அம்மா என்று ஒருத்தியைக் காட்டியாக வேண்டும். மண்டப வாசலுக்குப் பெரிய வளைவு பேனர். கல்யாணப் பெண், “பேனரே வேண்டாம்மா, என் ஆபீஸ்ல இருந்தெல்லாம் வர்றாங்க” என்று சொல்லிப் பார்த்தாள். “உனக்கு வேண்டாம். எனக்கு வேணும்” என்றாள் அக்கா.

இந்த முறை நானே முந்திக்கொண்டேன். பெரியண்ணனிடம் பெயர்ப் பட்டியலை வாங்கி, வளைவு முழுவதையும் ஒல்லிக்குண்டில் நானே அமைத்தேன். அக்காவின் பெயர் மேல் வரியில். அதற்குக் கீழே தாய்மாமன் முறையில் பெரியண்ணன், அதற்குக் கீழே மற்ற எல்லோரும், ஒருவரையும் விடவில்லை, ஒருவருக்கும் நூல் குறையவில்லை. இத்தனை பேர் வந்த பிறகும் அடியில் ஒரு வரிசை காலியாகக் கிடந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செல்போனில் அனுப்பாமல், அச்செடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெரியண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்துபோனார். “அடேங்கப்பா! இத்தன எடம் மிச்சமாகுதே! மூளக்காரி அம்மிணி நீ” என்றார். அப்போதே செல்லை எடுத்து ஒவ்வொருவரையாகக் கூப்பிட ஆரம்பித்தார். முட்டை வியாபாரத்தில் அவருக்குக் கூட்டாளிகள், ரிக் ஓனர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், ஒரு காலத்தில் வார்டு மெம்பருக்கு நின்று டெபாசிட் இழந்த ஒருவர். “பேனர்ல எடம் இருக்குதுங்க, உங்க பேரப் போட்டர்றேன்” என்று அவர் சொல்லச் சொல்ல, ரயிலில் சீட்டுப் பிடித்துக் கொடுக்கிறவரின் குரல் மாதிரியே இருந்தது.

அச்சுக்குப் போகும் முன்னால் கடையிலிருந்து எனக்குப் படம் வந்தது. காலி வரிசை நிறைந்திருந்தது. அது பற்றாமல் மேலும் ஒரு வரிசை கூடியிருந்தது. மேல் வரியில் பெரியண்ணன் இருந்தார். அக்காவைக் காணோம்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அக்காவும் கூட வந்தாள், நான் கூப்பிடவில்லை.

“அக்கா பேர எடுத்துட்டீங்களேண்ணா. இடம் இருந்துச்சுங்களே” என்றேன்.

“எடத்துக்கென்ன அம்மிணி, எடம் எத்தன வேணாலும் இருக்குது.” அவர் அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். “நல்ல காரியமல்ல? புருசன் இல்லாதவ பேர வாசல்ல மொதல்ல வெச்சா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. மாப்ளை ஊட்டுக்காரங்க மொகம் சுளிப்பாங்க. அவளுக்கும்தான் அது நல்லதா? பத்திரிகைல இருக்குதல்ல சாமி, போதும் உடு.”

கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. பரிவோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வருடம் ஒரு ஞ-வோடும் ஒரு ண-வோடும் மல்லுக்கட்டி நான் உண்டாக்கிய இடத்தில், டெபாசிட் இழந்தவர் கால் நீட்டிப் படுத்திருந்தார். நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அண்ணி காப்பியை உள்ளே திருப்பிக் கொண்டுபோனது மட்டும் நினைவிருக்கிறது.

அக்கா கத்தவில்லை. “வா, கோழிக்குத் தீனி வெக்க நேரமாச்சு” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ராசிபுரம் ரோட்டு முக்கில் ஒரு பேனர் நின்றது. மாமாவுக்கு அஞ்சலிப் பேனர் வைத்த அதே இடம். முழுப் பிளக்ஸிலும் அக்கா ஒருத்திதான். பேங்க் பாஸ்புக்கில் ஒட்டுவதற்கு எடுத்த படம், சிரிக்காமல் நேரே பார்க்கிறாள். படத்துக்குக் கீழே அவளுடைய முழுப் பெயர், ஒல்லிக்குண்டில், ஆள் உயரத்துக்கு. இழுத்து விரிக்காமல், நசுக்காமல், நான் வரைந்தது வரைந்தபடி. கரை கிடையாது, நிழல் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், என் எழுத்து அவ்வளவு நன்றாக அமைந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

பெயருக்குக் கீழே ‘என் மகள் திருமணத்திற்கு அனைவரும் வாங்க’ என்று ஒரு வரி போடச் சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் போட்டிருந்தார். அதே ஒல்லிக்குண்டில், பொடி அளவில். எதைச் செய்யாதீர்கள் என்று சொன்னேனோ அதைச் செய்திருந்தார். சுழியெல்லாம் அடைத்துப்போய், பத்தடி தள்ளிப் போனால் அது கறுப்புக் கோடு. பேனர் வெறிச்சென்று இருக்கிறதே என்று படத்துக்கு இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு வேறு. போனில் கேட்டபோது கோபப்படாமல் விளக்கினார்.

“வெளக்கு மங்களந்தானுங்க. அதுமில்லாம, பொம்பளைங்க ஒருத்தரே இருக்கற டிசைனு எங்கிட்ட அது ஒண்ணுதானுங்க இருக்குது.”

அது என்ன டிசைன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் தனியாக, பெரிதாக ரோட்டில் நிற்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில்கூட வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கும்பிடுவார். தனியாக நின்றால், அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். நன்றாகவே தெரிந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது.

“ஏனுங்க, கண்ணாலம் வெச்ச ஊட்டுல இப்பிடி ஆயிப்போச்சே” என்றார் ஒருவர். “எத்தன மணிக்குங்க எடுக்கறாங்க?” என்று கேட்டார் இன்னொருவர். டெபாசிட் இழந்தவர், கல்யாணம் தள்ளிப்போகிறதா, வளைவு பேனரை என்ன செய்யப் போகிறோம் என்று விசாரித்தார்.

அப்பாவின் தங்கை நாமகிரிப்பேட்டை அத்தையும், அவர் வீட்டுக்கார மாமாவும் நேரிலேயே வந்துவிட்டார்கள். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது, சீரியல் லைட் எரிந்தது, உள்ளே நலங்குக்குப் பாட்டுப் போட்டிருந்தார்கள். அத்தைக்கு எதுவும் கண்ணில் படவில்லை. கேட்டிலேயே மாரில் அடித்துக்கொண்டு, “ஐயோ எஞ்சாமீ” என்று ஒப்பாரி எடுத்துவிட்டார். பின்னால் மாமா பெரிய ரோஜா மாலையோடு, துண்டை இடுப்பில் கட்டியபடி வந்தார்.

அக்கா கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். “வாங்கத்தை. வாங்க மாமா. காப்பி குடிக்கிறீங்களா, மோரு கொண்டுவரட்டுமா?”

அத்தை ராகத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். மாமா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார், அது மறைகிற அளவில் இல்லை. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இந்த முறை சத்தமே இல்லாமல் அழுதார்.

“உன்ற பேர அவ்வளவு பெருசாப் பாத்ததும் வேற என்ன சாமி நெனைக்கறது?” என்றார்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கேட்டது சரியான கேள்வி.

சற்று நேரத்தில் பெரியண்ணன் வந்தார், வண்டியை நேராக நிறுத்தக்கூட இல்லை. ஊர் முழுக்க அவரிடம்தான் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். முன்னால் நிற்கிறவரல்லவா.

“உசுரோட இருக்கறவளுக்கு யாராச்சும் இப்பிடிப் பேனரு வெப்பாங்களா? அபசகுனம் புடிச்சாப்ல! மொதல்ல அதக் கழட்டச் சொல்லு!”

அக்கா அத்தைக்கு மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏனுங்ண்ணா, நாஞ் செத்தா எம்படத்தையும் பேரையும் அந்த எடத்துல பெருசா வெப்பீங்கல்ல?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“வெப்பீங்க. அன்னிக்கு எடமும் இருக்கும், மொறையும் இருக்கும். அந்த எடத்தத்தானுங்ண்ணா நான் இப்பவே எடுத்துக்கிட்டேன். உங்க எடத்துல ஒரு சாண்கூட எடுக்கல.”

பெரியண்ணன் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மாமா கையிலிருந்த மாலையைப் பார்த்தார். பிறகு, பந்தல்காரன் வந்துவிட்டானா பார்க்கிறேன் என்று போய்விட்டார். பேனரை யாரும் கழற்றவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. வளைவில் இருந்த அத்தனை பெயரையும் அந்தந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் நின்று படித்தார்கள், செல்பி எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. வந்தவர்களெல்லாம் மேடைக்குப் போகும் முன்னால் அக்காவைத் தேடிப் போய், கையைப் பிடித்து, ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். இருக்கிறாள் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான். எந்தக் கல்யாணத்திலும் எந்தப் பெண்ணின் அம்மாவையும் அத்தனை பேர் விசாரித்து நான் கண்டதில்லை.

மறுவாரம் பண்ணைக்குப் போனேன். வளைவு பேனரை மூன்றாவது கொட்டகையில் கட்டியிருந்தாள். பெரியண்ணன், கூட்டாளிகள், ரிக் ஓனர்கள், டெபாசிட் இழந்தவர், எல்லோரும் ஒரே அளவில், ஒருவருக்கும் நூல் குறையாமல், தலைகீழாகச் சாரலைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“உன்னோடது எங்கேக்கா?” என்று கேட்டேன்.

தீவன ரூமுக்கு மேலே பரணைக் காட்டினாள். சாக்குப் பைக்குள் சுருட்டி, எலி கடிக்காமல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

“எனக்கு ஆகறப்ப அதையே எடுத்துக் கட்டிரு. புதுசா ஒண்ணு அடிச்சு, கீழ இவனுக பேரெல்லாம் போட உட்றாத” என்றாள்.

“கீழே மகள் கல்யாணத்துக்கு வாங்கன்னு இருக்குதேக்கா.”

“அதத்தான் ஒருத்தராலயும் படிக்க முடியலியே.” முட்டைத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். “பேரு தெரிஞ்சாப் போதும்.”

சரி என்றேன்.